டெண்டருக்கு எழுதுவது எப்படி? டர்பனிலிருந்து ஓர் ஆரம்பப் பாடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் துப்புரவுத் தொழில் நடத்தும் ஓர் அக்கா, போன வருடம் தடித்த கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அரசு கிளினிக்குகளைச் சுத்தம் செய்யும் வேலைக்கான டெண்டர். மூன்றாவது முறையாகக் கை நழுவிப் போயிருந்தது. “தம்பி, இருபத்திரண்டு வருசமா இதே வேலைதான் செய்றேன். என்னைவிட நல்லா யாரு சுத்தம் பண்ணுவா? நான் எழுதினதைப் படிச்சாங்களா இல்லையான்னே தெரியலை” என்றார்.

கோப்பைப் புரட்டினேன். முதல் நான்கு பக்கங்களில் குடும்பக் கதை. தாத்தா மவுண்ட் எட்ஜ்கம்பில் கரும்பு வெட்டியது, அப்பா சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்தது, இவர் ஒரே ஒரு வாளியும் துடைப்பமுமாகத் தொழிலைத் தொடங்கியது. தாத்தாவின் படம்கூட இருந்தது. படிக்க உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் டெண்டர் கேட்டிருந்தது வேறு: எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த இடத்தை, எந்த முறையில் சுத்தம் செய்வார்கள், மேற்பார்வை யார்? 30 மதிப்பெண் கேள்வி. அதற்கு அக்கா எழுதியிருந்தது ஒரே வரி: “மிக உயர்ந்த தரத்தில் செய்து தருவோம்.”

அரசு டெண்டர் என்பது ஒரு விசித்திரமான பரீட்சை. வினாத்தாளோடு, விடைத்தாளைத் திருத்துகிறவருக்கான குறிப்பையும் சேர்த்தே நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எதற்கு எத்தனை மதிப்பெண், எது இருந்தால் முழு மதிப்பெண், எது இல்லாவிட்டால் பூஜ்ஜியம் எல்லாம் அச்சில் இருக்கிறது. அதைப் பார்க்காமல், நமக்குத் தெரிந்த நல்ல விஷயங்களை எல்லாம் எழுதிவைத்துவிட்டு வருகிறோம். திருத்துகிறவர் என்ன செய்வார்? அவர் கையில் இருக்கும் தாளில் தாத்தாவுக்குக் கட்டம் இல்லை.

இந்தக் கட்டுரை தென்னாப்பிரிக்காவில் சிறுதொழில் நடத்தும் தமிழர்களுக்கு. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்களுக்கும், என்னைப்போல் பிற்பாடு விமானத்தில் வந்தவர்களுக்கும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் டெண்டரில் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவு காகிதம் எதற்கு?

தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 217-ஆம் பிரிவு, அரசு எதை வாங்கினாலும் நியாயமாக, சமமாக, வெளிப்படையாக, போட்டியோடு, செலவுக்கேற்ற பலனோடு வாங்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு, இனஒதுக்கல் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தருவதற்கும் இடம் கொடுக்கிறது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கத்தான் அத்தனை படிவங்களும்.

நமக்கு இது புதிதல்ல. உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது குடத்தில் ஓலை போடுவதற்கு முன்பே வடிகட்டிவிடுகிறார்கள். வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமே இல்லை. ஆயிரத்து நூறு வருடம் கழித்து இங்கே டர்பனில் நிரப்புகிற எஸ்பிடி 4 என்ற உறவுமுறை அறிவிப்புப் படிவத்தில் கேட்கிற கேள்வியும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்: நீங்கள் யார், வாங்குகிற இடத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறாரா, போட்டியிடும் வேறு நிறுவனத்திலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறதா?

முதல் வாசல்: காகிதம்

பெரும்பாலான டெண்டர்களில் மூன்று வாசல்கள். முதலில் ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் மேலே படிக்கவே மாட்டார்கள். அடுத்தது வேலைத்திறன்; இங்கே எல்லோரும் ஃபங்ஷனாலிட்டி என்பார்கள். அதில் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மட்டுமே மூன்றாவது வாசல், விலையும் முன்னுரிமைப் புள்ளிகளும்.

முதல் வாசலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கவனம் மட்டும்தான். மத்திய சப்ளையர் பதிவேடான சிஎஸ்டியில் பெயர் இருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வரித் துறையான சார்ஸ் தரும் வரி நிலைக்கான பின் எண் வேண்டும். டெண்டர் அழைப்புப் படிவமான எஸ்பிடி 1, விலைப் படிவம், முன்பு சொன்ன எஸ்பிடி 4, முன்னுரிமைப் புள்ளி கோரும் எஸ்பிடி 6.1 ஆகியவற்றை ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். நகராட்சி டெண்டரானால் இவற்றின் பெயர் எம்பிடி என்று மாறும். அங்கே இன்னொரு பொறியும் உண்டு. நகராட்சிக்குக் கட்ட வேண்டிய வரியும் தண்ணீர்க் கட்டணமும் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தால் உங்கள் டெண்டரை ஒதுக்கிவிடலாம். வீட்டில் ஒருவர் அரசு ஊழியராக இருந்துகொண்டு நிறுவனத்தில் இயக்குநராகவும் பெயர் போட்டிருந்தால் அது பெரிய சிக்கல். அரசு ஊழியர் அரசோடு வியாபாரம் செய்யக் கூடாது. நம் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ், கணவர் நடத்தும் கம்பெனியில் இயக்குநர். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு டெண்டர் பக்கம் வாருங்கள்.

ஒரு கையெழுத்து விட்டுப்போனால் உண்மையிலேயே தள்ளிவிடுவார்களா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கும். லிம்போப்போ மாகாணத்தில் மருத்துவக் கழிவு அகற்றும் டெண்டரில், மில்லேனியம் வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனம் ஓர் அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட மறந்துவிட்டது. அதற்காகவே தள்ளிவிட்டார்கள். 2007-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அறியாமல் நேர்ந்த சின்ன விடுபடலுக்காக ஒரு டெண்டரைத் தூக்கி எறிந்தது தவறு என்றது. சரி, தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். 2013-இல் டாக்டர் ஜே. எஸ். மொரோக்கா நகராட்சி வழக்கில், வரிச் சான்றிதழின் அசலைக் கேட்ட இடத்தில் ஒரு நிறுவனம் நகலை வைத்திருந்தது; நகராட்சி தள்ளிவிட்டது. அதே நீதிமன்றம் இந்தத் தடவை நகராட்சியின் பக்கம் நின்றது. அசல் கட்டாயம் என்று ஆவணத்தில் சொன்ன பிறகு, நகலைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் நகராட்சிக்கே இல்லை என்றது.

முதல் நிறுவனம் ஜெயிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். வக்கீல் கட்டணத்தைவிடப் பேனா மலிவு. கட்டாயம் என்ற சொல் வருகிற இடத்தில் எல்லாம் மஞ்சள் மை தடவி வைத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த அனுபவம் இதைவிட அற்பமானது. டெண்டர் பெட்டியை 11 மணிக்கு மூடுவார்கள் என்று தெரியும். அன்று காலையில் மின்வெட்டு, பிரின்ட் கடையில் ஜெனரேட்டர் இல்லை. வேறு கடை தேடி ஓடிப் போய் நின்றபோது மணி 11.04. அங்கிருந்த அம்மா என்னைப் பரிதாபமாகத்தான் பார்த்தார். ஆனால் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அவர் வேலை போயிருக்கும். அதிலிருந்து எல்லாவற்றையும் முந்தின நாளே போட்டுவிடுகிறேன்.

கடைசி நிமிடம்வரை கண்ணை வைத்திருக்க வேண்டிய இன்னொன்று, டெண்டர் வெளியான பிறகு வரும் திருத்த அறிவிப்புகள். ஓய்வூதியமும் குழந்தைகளுக்கான உதவித்தொகையும் பட்டுவாடா செய்யும் அரசு நிறுவனமான சாசா 2011-இல் விட்ட டெண்டர்தான் இதற்குப் பெரிய உதாரணம். பணம் வாங்க வருகிறவரின் அடையாளத்தை ஒவ்வொரு முறையும் கைரேகை போன்ற உடல் அடையாளத்தால் சரிபார்ப்பது, முதலில் இருந்தால் நல்லது என்ற அளவில்தான் இருந்தது. கடைசி நாள் நெருங்கும்போது வந்த இரண்டாம் அறிவிப்பு அதைக் கட்டாயம் ஆக்கியது. அதையும் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த டெண்டரில் தோற்ற ஆல்பே என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. 2013 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கோடிக்கணக்கில் பணம் புரளும் டெண்டரிலேயே ஒரு பக்க அறிவிப்பு தலையெழுத்தை மாற்றுகிறது என்றால், நம் சின்ன டெண்டரில் சொல்லவே வேண்டாம். புரியாத வரி இருந்தால் கேள்வி கேட்பதற்கென்று தரப்பட்ட தேதிக்குள் எழுதிக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் நமக்குக் கொஞ்சம் அதிகம்.

இரண்டாவது வாசல்: எழுத்து

இங்கேதான் உண்மையான வேலை. அக்காவின் டெண்டரில் கணக்கு இப்படி இருந்தது: முன் அனுபவத்துக்கு 30, பணியாளர் தகுதிக்கு 25, செயல்முறைக்கு 30, கருவிகளுக்கும் வாகனத்துக்கும் 15. மொத்தம் 100-இல் 70 வாங்கினால்தான் விலைக் கவரைப் பார்ப்பார்கள். இந்தப் பங்கீடு டெண்டருக்கு டெண்டர் மாறும். ஆனால் முன்கூட்டியே அச்சில் இருக்கும் என்பது மட்டும் மாறாது.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள். கேள்வி, அதற்கான மதிப்பெண், முழு மதிப்பெண் வாங்க அவர்கள் கேட்கும் அத்தாட்சி, நம் கோப்பில் அது எந்தப் பக்கம். நான்காவது பத்தியை முதலில் காலியாக விட்டுவிடுங்கள். அந்தக் காலி இடங்களை நிரப்புவதுதான் டெண்டர் எழுதுவது. முடிந்ததும் அந்தத் தாளையே தட்டச்சு செய்து கோப்பின் தொடக்கத்தில் வைத்துவிடலாம். மதிப்பிடுகிறவர் ஒரு நாளில் இருபது கோப்பு புரட்டிக் களைத்திருப்பார். அவருக்கு மதிப்பெண் போடுகிற இடத்தைக் கைகாட்டிவிடுவதில் தப்பே இல்லை. தலைப்புகளையும் எண்களையும் அவர்கள் வைத்த வரிசையிலேயே வையுங்கள். அவர்கள் 4.2 என்றால் நாமும் 4.2. இதில் நம் கற்பனையைக் காட்ட வேண்டாம்.

அப்புறம் வாக்கியங்கள். அக்காவின் அந்த ஒற்றை வரியை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். “உயர்ந்த தரம் என்றால் என்ன அக்கா? ஒரு கிளினிக்கில் காலையில் போய் நிற்கிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். அவர் மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். வந்த பத்தி சுமாராக இப்படி இருந்தது, கோப்புக்குப் போனது ஆங்கிலத்தில்:

“காலை 5.30-க்கு இரண்டு பணியாளர்கள் வருவார்கள். 7 மணிக்கு நோயாளிகள் வருமுன் காத்திருப்புக் கூடமும் கழிப்பறைகளும் முடிந்துவிடும். கழிப்பறைக்குச் சிவப்புத் துடைப்பம், சமையலறைக்குப் பச்சை, மற்ற தளங்களுக்கு நீலம். ஒன்றை இன்னொரு இடத்தில் பயன்படுத்த மாட்டோம். கழிப்பறைகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்போம். துடைத்தவர் கதவின் பின்னால் உள்ள தாளில் நேரம் எழுதிக் கையெழுத்திடுவார். தொற்றுக்கழிவு சிவப்புப் பையில், சாதாரணக் குப்பை கறுப்புப் பையில். மேற்பார்வையாளர் வாரம் இரண்டு முறை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்ப்பார். பார்வைத் தாளின் மாதிரி இணைப்பு 5-இல்.”

தரம் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் தரம் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு சோதனை சொல்கிறேன்: நீங்கள் எழுதிய வாக்கியத்தை உங்கள் போட்டியாளர் அப்படியே தன் கோப்பிலும் போட்டுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அதை அடித்துவிடுங்கள். “அனுபவம் மிக்க குழு”, “வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலக்கு” எல்லாம் அந்த ரகம்.

செயல்முறையில் பலரும் விட்டுவிடுகிற பகுதி, கோளாறு வந்தால் என்ன செய்வோம் என்பது. டர்பனில் இருந்துகொண்டு இதை எழுத விஷயத்துக்குப் பஞ்சமா? 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள தொங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமாகி, அந்த ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரியை நம்பிக் குடத்தோடு நின்றார்கள். தண்ணீரே இல்லாத நாளில் கிளினிக்கை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? பேருந்து ஓடாத நாளில் உங்கள் ஆட்கள் எப்படி வருவார்கள்? அக்காவிடம் இரண்டுக்குமே பதில் இருந்தது. வண்டியில் ஏற்றக்கூடிய தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். கிளினிக்குக்கு நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களைத்தான் வேலைக்கு எடுக்கிறார். இருபத்திரண்டு வருட அனுபவம் என்பது இதுதான். அதை அவர் கோப்பில் ஓரிடத்தில்கூட எழுதவில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டார்.

அத்தாட்சிகளிலும் இதே கதைதான். முன் அனுபவத்துக்கு ஐந்து கடிதம் இருந்தால் முழு மதிப்பெண், மூன்று இருந்தால் பாதி என்று போட்டிருப்பார்கள். கடிதம் வாடிக்கையாளரின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். என்ன வேலை, எத்தனை ராண்ட், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, யாரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்ற விவரங்களோடு கையெழுத்தும் வேண்டும். “இவர் நல்லவர், நேர்மையானவர்” என்று கோயில் தலைவர் தந்த கடிதத்துக்கு மரியாதை உண்டு, மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு வேலை முடியும்போதும் அந்தச் சூட்டிலேயே கடிதம் வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் அந்த மேலாளர் மாற்றலாகிப் போயிருப்பார்.

மொழியைப் பற்றி ஒரு சின்னப் புலம்பல். மனு எழுதியே பழகிய வம்சம் நாம். “தாங்கள் கருணைகூர்ந்து ஒரு வாய்ப்பு அளித்தால் என்றென்றும் நன்றியுள்ளவர்களாக இருப்போம்” என்கிற தொனி ஆங்கிலத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டெண்டரில் நாம் உதவி கேட்கவில்லை, வேலை விற்கிறோம். “செய்வோம்” என்று எழுதுங்கள். “செய்ய முயற்சிப்போம்” வேண்டாம். அதே நேரம், “செய்வோம்” என்று எழுதியது நாளைக்கு ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான்.

மூன்றாவது வாசல்: கணக்கு

30,000 ராண்டிலிருந்து 5 கோடி ராண்ட்வரை, அதாவது இங்கே சொல்கிற 50 மில்லியன்வரை, 80/20 முறை. விலைக்கு 80 புள்ளி, முன்னுரிமை இலக்குகளுக்கு 20. அதற்கு மேல் போனால் 90/10. 2023 ஜனவரி 16 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இவை. அதற்கு முந்தைய 2017 விதிகளை அரசமைப்பு நீதிமன்றம் 2022-இல் செல்லாது என்றுவிட்டது. 2024 ஜூலையில் புதிய பொதுக் கொள்முதல் சட்டத்திலும் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டிருக்கிறார். ஆகவே எப்போது விண்ணப்பித்தாலும், கையில் இருக்கும் ஆவணம் எந்த விதியைக் குறிப்பிடுகிறது என்று பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

விலைப் புள்ளிக்கான கணக்கு எளிது. எல்லோரிலும் குறைந்த விலைக்கு 80. மற்றவர்களுக்கு, அந்தக் குறைந்த விலையைவிட எத்தனை சதவீதம் அதிகமோ, 80-இல் அத்தனை சதவீதம் வெட்டு. போட்டியாளர் 8 லட்சம் ராண்ட், நீங்கள் 9 லட்சம் என்று வையுங்கள். 12.5 சதவீதம் அதிகம். 80-இல் 10 புள்ளி போய் உங்களுக்கு 70. முன்னுரிமையில் உங்களுக்கு முழு 20, அவருக்கு 8 என்றால் நீங்கள் 90, அவர் 88. விலை கூடியும் ஜெயித்துவிட்டீர்கள். இதே விலை வித்தியாசம் 90/10-இல் வந்தால் உங்களுக்கு 78.75 மட்டுமே, 10 புள்ளி முன்னுரிமை முழுதாகக் கிடைத்தாலும், போட்டியாளர் விலைக்கு மட்டுமே வாங்கும் 90-ஐத் தொட முடியாது. ஆகவே 80/20-இல் முன்னுரிமைப் புள்ளிகள் 25 சதவீத விலை வித்தியாசம்வரை ஈடுகட்டும். 90/10-இல் சுமார் 11 சதவீதம்தான். உங்கள் போட்டியாளர்கள் என்ன விலை போடுவார்கள் என்று ஓரளவு தெரிந்தால், விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்பதைச் சமையலறை மேசையிலேயே முடிவுசெய்துவிடலாம்.

அந்த 20 புள்ளிகளை எதற்குத் தருவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் டெண்டரில் சொல்ல வேண்டும். பெண்களின் பங்கு, மாற்றுத்திறனாளிகளின் பங்கு, கறுப்பினத்தவரின் உடைமை என்று இருக்கலாம். இங்கேதான் முன்பு சொன்ன வித்தியாசம் வருகிறது. பி-பிபிஇஇ என்ற, கறுப்பினத்தவருக்கான பொருளாதார வலுவூட்டல் சட்டத்தில் கறுப்பினத்தவர் என்ற சொல்லுக்குள் இந்திய வம்சாவளியினரும் அடக்கம். ஆனால் பிறப்பாலோ வம்சத்தாலோ குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது 1994 ஏப்ரல் 27-க்கு முன்பே குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். முன்பே பெறும் தகுதி இருந்தும் இனஒதுக்கலால் பெற முடியாமல் போனவர்களுக்கும் வழி உண்டு. அக்காவுக்கு அந்தப் புள்ளிகள் உண்டு. பிற்பாடு வந்து குடியுரிமை வாங்கிய எனக்குக் கிடையாது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவருடைய தாத்தா பட்டதை நான் படவில்லை.

ஆனால் சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். தோட்டக்காரரையோ டிரைவரையோ காகிதத்தில் பங்குதாரர் ஆக்கிவிடுவது. இதற்கு ஃப்ரன்டிங் என்று பெயர். இது குற்றம்; பத்து வருடம்வரை சிறை, கம்பெனிக்கு ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம்வரை அபராதம். செல்வாக்கைக் காட்டி டெண்டர் பிடித்துப் பணம் பண்ணுகிறவரைத் திட்ட, டெண்டர்பிரனூர் என்று ஒரு வசவுச்சொல்லையே இந்த நாடு கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நாமும் சேர வேண்டுமா?

ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி ராண்டுக்குள் இருக்கும் சின்ன நிறுவனத்துக்கு இந்த முன்னுரிமைப் புள்ளிகளைக் காட்டப் பொதுவாக விலையுயர்ந்த சான்றிதழ் தேவையில்லை, சத்தியப்பிரமாணப் பத்திரம் போதும். போலீஸ் ஸ்டேஷனிலேயே கையெழுத்து வாங்கிவிடலாம். இதற்காக ஆயிரக்கணக்கில் ஏஜெண்டுக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

விலை எழுதும்போது வாட் வரியைச் சேர்த்தே எழுதுங்கள். நான் ஒருமுறை 15 சதவீதத்தைச் சேர்க்காமல் மொத்தத்தை எழுதிவிட்டேன். படிவத்தில் வரி உட்பட என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்த விலைக்கே செய்கிறாயா என்று கேட்டார்கள். முடியாது என்று விலகிக்கொண்டேன். மூன்று வார உழைப்பு வீண். அதேபோல விலையைக் கண்டபடி குறைப்பதும் ஆபத்து. டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் துப்புரவு ஒப்பந்தத் தொழிலுக்குத் தனியாக ஊதியப் பேச்சுவார்த்தை மன்றம் இருக்கிறது. அது வைத்த கூலிக்குக் கீழே உங்கள் கணக்கு இருந்தால் மதிப்பிடுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். கூலி, விடுப்பு, விபத்துக் காப்பீடு, ரசாயனம், பெட்ரோல் எல்லாம் போட்டபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

போடவே கூடாத டெண்டர்

அரசு, பில் வந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் தாமதமாகும் என்று இந்த ஊரில் எந்தக் கான்ட்ராக்டரைக் கேட்டாலும் சொல்வார். மூன்று மாதம் பணம் வராவிட்டாலும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? முடியாதென்றால் பன்னிரண்டு கிளினிக் டெண்டரை விட்டுவிட்டு இரண்டு கிளினிக் வேலைக்குப் போங்கள். அரசுத் துறைகளில் 10 லட்சம் ராண்ட்வரையான வேலைகளை விலைக் கொட்டேஷன் வாங்கியே கொடுக்கலாம். ஆரம்பிப்பதற்கு அதுதான் நல்ல இடம். கட்டாய விளக்கக் கூட்டத்தைத் தவறவிட்டிருந்தாலும் போட வேண்டாம், வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவரைச் சேர்க்க மாட்டார்கள். எவராவது போன் செய்து, முன்பணம் கொடுத்தால் டெண்டர் வாங்கித் தருகிறேன் என்றால் போனை வைத்துவிடுங்கள். அரசின் இ-டெண்டர் இணையதளத்தில் ஆவணங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

தோற்ற பிறகு

பெரும்பாலானவர்கள் தோற்றதும் கோப்பை மூட்டை கட்டிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. நிர்வாக நீதிச் சட்டத்தின்படி, முடிவு தெரிந்த 90 நாளுக்குள் காரணம் கேட்டு எழுதலாம். அவர்கள் 90 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகராட்சி டெண்டரானால் 14 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கவும் இடம் உண்டு. சண்டை போடுவதற்காகத்தான் என்றில்லை. உங்கள் விடைத்தாளைத் திருத்தியவரின் குறிப்பு கைக்கு வருகிறது, அதைவிட நல்ல டியூஷன் எது?

அக்காவை அப்படி எழுதிக் கேட்கச் சொன்னேன். ஐந்து வரிக் கடிதம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. முன் அனுபவம் 30-க்கு 30. பணியாளர் 25-க்கு 20. கருவிகள் 15-க்கு 9. செயல்முறை 30-க்கு 4. மொத்தம் 63. அவருடைய விலைக் கவரை யாரும் பார்க்கவே இல்லை. செயல்முறையில் இன்னும் 7 புள்ளி இருந்திருந்தால் பார்த்திருப்பார்கள்.

தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அனுபவத்துக்கு முழுசும் குடுத்திருக்காங்க தம்பி” என்றார் முதலில். அப்புறம் அந்த 4-ஐ விரலால் தொட்டார்.

இப்போது அடுத்த டெண்டருக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். செயல்முறை மட்டும் ஏழு பக்கம் வந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கே அரைப் பக்கம். போன சனிக்கிழமை எல்லாவற்றையும் அடுக்கி முடித்தபோது, பழைய கோப்பிலிருந்து தாத்தா படத்தைக் கையில் எடுத்தார்.

“இதை எடுத்துடட்டுமா தம்பி?”

“வேண்டாம் அக்கா. கம்பெனி அறிமுகத்தோடு கடைசி இணைப்பில் வைத்துவிடுங்கள்.”

“அதுக்கு எத்தனை மார்க்கு?”

“ஒன்றுமில்லை.”

“பரவாயில்லை, இருக்கட்டும்” என்று சொல்லி, இணைப்பு 9 என்று எழுதி ஒட்டினார்.